பூஜைக்குக் கழுவிய தொட்டிகள்

நான் பார்த்தீனியம் வளர்த்தவள். இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஓரடி தள்ளி நிற்பார்கள். சாலையோரம், தண்டவாளத்து ஓரம், காலி மனை என்று யாரும் கேட்காமலே முளைத்து, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்து, தொட்டவருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கிற அந்தச் செடிக்கு நான் தொட்டி வாங்கினேன், மண் சலித்தேன், வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன்.

"ஊரே அதப் புடுங்கறதுக்கு ஆள் தேடுது. நீ அதுக்குத் தண்ணி ஊத்த ரெண்டு டிரெயின் மாறிப் போய்க்கினு இருக்கற" என்பார் என் கணவர். கிண்டல்தான், ஆனால் ரெண்டு டிரெயின் என்பது உண்மை. எங்கள் வீடு வேப்பம்பட்டில். நான் வேலை பார்க்கும் கல்லூரி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில். ஒரே மாவட்டம்தான், நேர் வண்டிதான் கிடையாது. பேசின் பிரிட்ஜ் வரை வந்து இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நின்று, ஏறி, இடித்துப் பிடித்து உட்கார்ந்தால், மீன் கூடைகளுக்கும் ஹெல்மெட் மாட்டிய ஆலைத் தொழிலாளர்களுக்கும் நடுவில் ஒரு தூக்கம் போடலாம். இப்படிப் பல வருஷம்.

கல்லூரியில் தாவரவியல் துறை என்று ஒரு பலகை இருந்தது. உள்ளே மாணவர்கள்தான் இல்லை. காமர்ஸில் இடம் கிடைக்காதவர்கள் எங்களிடம் வந்து சேர்ந்து, அங்கே இடம் காலியானதும் ஓடிவிடுவார்கள். புதிய நிர்வாகம் பொறுப்பேற்றதும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது. முனைவர் பட்டம் இருக்கிறவர்கள் தொடர்ந்து பாடம் நடத்தலாம். இல்லாதவர்களுக்கு இந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வகுப்பறையில் வேலை இல்லை. எனக்குப் பட்டம் இல்லை. அதற்குப் பாக்கி இருந்தது ஒரே ஒரு சோதனை, அது தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்தது. செடிகள் போனால் என் வேலையும் போகும். விஷயம் அவ்வளவுதான்.

அந்தச் சோதனை எதற்கு என்று சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்றே நினைப்பீர்கள். தொழிற்பேட்டையில் ஓர் இரும்பாலையின் பின்பக்க மதிலோரம் கசடு கொட்டிய திடல் ஒன்று இருந்தது. அங்கே முளைக்கிற பார்த்தீனியம் முழங்காலுக்குக்கூட வராது. நாலு இலை விட்டதும் பூத்துவிடும். அதே செடி ஆரம்பாக்கத்து நெல்வயல் வரப்பில் என் இடுப்புக்கு மேல் வளர்ந்து, சாவகாசமாகப் பூக்கும். கேட்டவர்கள் எல்லாம் ஒரே பதிலைச் சொன்னார்கள். கசடு மண்ணில் சத்து கிடையாது, அதனால் குட்டை. பசியோடு இருக்கிற பிள்ளை எப்படி வளரும்?

எனக்கு வேறொரு சந்தேகம். ஆலை மதிலோரத்தை அடிக்கடி செதுக்குவார்கள். ஆயுத பூஜைக்குச் செதுக்குவார்கள், ஆடிட்டுக்குச் செதுக்குவார்கள், முதலாளி வருகிறார் என்றால் முந்தின நாளே செதுக்குவார்கள். மண்வெட்டி வரும்போது பூக்காமல் நிற்கிற செடி வாரிசில்லாமல் சாகும். அதற்குள் அவசரமாகப் பூத்து விதை உதிர்த்த செடிக்குத்தான் பிள்ளைகள். பார்த்தீனியத்துக்கு ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று தலைமுறை ஓடிவிடும். இப்படி வருஷக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி, அவசரக்காரச் செடியாகப் பார்த்துப் பொறுக்கி நாமே வளர்த்துவிட்டோமோ? இந்த அவசரம் மண்ணின் வறுமையா, இல்லை மரபணுவிலேயே இறங்கிவிட்ட குணமா? இறங்கிவிட்டது என்றால், சுத்தம் செய்கிறோம் என்று நாம் மண்வெட்டியைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் இன்னும் கெட்டிக்காரக் களையைத் தயார் செய்கிறோம் என்று அர்த்தம். இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இன்றும் இதைவிட நல்ல கேள்வி ஒன்று என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

மரபணுச் சோதனைக்கு இலையை அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். அனுப்பினேன். வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் விதையாக வந்து இங்கே பெருகிய குடும்பம் அது. எல்லாச் செடியும் எல்லாச் செடிக்கும் நெருங்கிய சொந்தம். எங்கள் கைக்கு எட்டிய சோதனையில் ஆலைச் செடியும் வயல் செடியும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே வளர்த்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. இரண்டு இடத்து விதையையும் ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே தண்ணீரில் வளர்க்க வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது. கசடில் பட்டினி கிடந்த தாயின் சோர்வு விதையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதனால் முதல் தலைமுறையை நன்றாக ஊட்டி வளர்த்து, பூவுக்குக் காகிதப் பை கட்டி, அதன் விதையை எடுத்து மறுபடி விதைக்க வேண்டும். பேரப் பிள்ளைகளும் அவசரப்பட்டால்தான் அது பரம்பரைக் குணம். நான் பேரப் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டிருந்தேன்.

கல்லூரியின் பின்பக்கம் பச்சை வலை கட்டிய கூடாரத்தில் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தேன். எந்தத் தொட்டி எந்த ஊர் விதை என்று எழுதிய பிளாஸ்டிக் குச்சிகளை எழுத்து தெரியாதபடி மண்ணுக்குள் செருகியிருந்தேன். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்யும். அந்தப் புரட்டாசியில் சில தொட்டிகளில் மொட்டு வந்திருந்தது. சில தொட்டிகளில் வெறும் இலைதான். குச்சியை உருவிப் பார்க்க விரல் துடித்தது, பார்க்கவில்லை. எல்லாம் பூத்து முடியட்டும், முறைப்படி செய்வோம் என்று பொறுத்திருந்தேன். அந்த முறையைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து வயிறெரிந்தேன்.

இதற்குள் செடி என் தோலையும் விட்டுவைக்கவில்லை. கையுறை போட்டாலும் மணிக்கட்டு தடித்துச் சிவக்கும், கண்ணிமை வீங்கும். கல்லூரியைப் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா அதைப் பார்த்துப் பதறுவார். ஆரம்பாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். "இன்னா மேடம் இது, மூஞ்சிலாம் உப்பிக்கினு கீது? இந்த எழவெடுத்த செடி உங்களுக்கு எதுக்கு?" என்பார். ஆராய்ச்சி என்பேன். "இன்னா ஆராய்ச்சியோ" என்று தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொண்டு வருவார். அந்தக் கல்லூரியில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே ஜீவன் அவர்தான்.

அந்த வருஷம் தாளாளர் ஒரு விருப்பம் தெரிவித்தார். ஆயுத பூஜையை அலுவலகத்தில் மட்டும் போடாமல், கல்லூரியில் வேலை நடக்கிற எல்லா இடத்திலும் போட வேண்டும், ஓர் இடமும் விடுபடக் கூடாது. முதல்வர் என்னிடம், "உங்க வலைக்கூடத்தையும் சேத்துக்கறோம் மேடம். ஆபீஸ்ல ஒரு சாவி இருக்கில்ல?" என்றார். இருக்கிறது என்றேன். வாசலில் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழம் நறுக்குவார்கள் என்று நினைத்தேன். என்னைக் கேட்டால் கதவுக்கு ஒரு மாலைகூடப் போட்டிருப்பேன். விடுமுறைக்கு முந்தின நாளே கல்லூரியில் பூஜை போட்டார்கள், அன்று நான் அங்கே இல்லை. திருவள்ளூரில் வேறொரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போயிருந்தேன். பூஜை முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியும்வரை தொடக் கூடாது. வெளியிலிருந்து வலை வழியாகத் தண்ணீர் ஊற்ற நான் வருகிறேன் என்று முன்பே சொன்னதற்கு, "நீங்க லீவுல அலையாதீங்கோ, நான் பாத்துக்கறேன்" என்றார் ஆயாம்மா.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று முதல் ஆளாகப் போனேன். கூடாரத்தின் கதவைத் திறந்ததும் வழி தவறி வேறெங்கோ நுழைந்துவிட்டதாக நினைத்தேன். தொட்டிகள் எல்லாம் கழுவிக் காவி அடித்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒவ்வொன்றிலும் ஒரு துளசிக் கன்று. தரையில் மாக்கோலம். அவ்வளவு அழகாக அந்தக் கூடாரம் அதற்கு முன்பு இருந்ததே இல்லை.

ஆயாம்மா பின்னாலேயே வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்டி மேடம் கீது? மூணு பேர் சேந்துக்கினு செஞ்சோம். ஒரு வேர் வுடல. அத்தினியும் புடுங்கியாச்சு."

"எங்கே?" என்றேன்.

"இன்னா எங்க?"

"செடி. நான் வளர்த்த செடி எங்கே?"

"அத இன்னாத்துக்குக் கேக்கறீங்கோ? செவுத்துக்கு அந்தாண்ட கொட்டியாச்சு." என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு குறைந்தது. "நீங்கதானே மேடம் எழுதி ஒட்டிக்கீறீங்கோ, இந்தச் செடியப் பாத்தா பூ வுடறதுக்குள்ள வேரோட புடுங்குன்னு? பசங்க படிச்சுச் சொன்னாங்கோ. அதான் மொட்டு வந்துச்சேன்னு அவசர அவசரமா..."

வாஸ்தவம்தான். துறை வாசலில் என் கையெழுத்திலேயே சுவரொட்டி இருந்தது. விழிப்புணர்வு வாரத்துக்காகப் படம் வரைந்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு நான் ஒட்டியது. இத்தனை வருஷத்தில் அதைப் படித்து அப்படியே நடந்துகொண்டவர் இவர் ஒருவர்தான்.

"குச்சிலாம் பத்திரமா கீது மேடம். ஒண்ணுகூடத் தூக்கிப் போடல" என்று கதவோரப் பலகையிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். என் பிளாஸ்டிக் குச்சிகள். தேய்த்துக் கழுவி, துடைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ஆயாம்மா அழுதார். அவர் அழுதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வேண்டுமென்று கெடுத்தவர் யாராவது இருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். எனக்கு நல்லது செய்கிறேன் என்று, என் கண்ணிமை வீங்காமல் இருக்கட்டும் என்று, காலையிலிருந்து முதுகு ஒடியக் குனிந்து வேலை செய்த மனுஷியை என்ன செய்வது?

முதல் தலைமுறை விதையில் கொஞ்சம் ஆய்வகக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்து வைத்திருந்தது ஞாபகம் வந்து ஓடினேன். பெட்டி பளபளவென்று இருந்தது. கதவில் சந்தனம், குங்குமம், ஓம். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும். பழைய காகித உறைகள் எல்லாம் குப்பையோடு போய்விட்டன.

மதிலுக்கு அந்தப்புறம் போய்ப் பார்த்தேன். உடைத்த பூசணிக்காய், வாழைக்கன்று, சருகு, கிழிந்த தோரணம், இவற்றுக்கு நடுவே என் செடிகள் வெயிலில் சுருண்டு கிடந்தன. தொட்டால் பொடிந்தன. எது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று சாமி வந்தால்கூடச் சொல்ல முடியாது. உறைகள் கிழிந்து விதையெல்லாம் குப்பையில் கலந்திருந்தது. மிளகைவிடச் சிறிய கறுப்பு விதைகள் அவை. அந்தக் குப்பையில் உட்கார்ந்து பொறுக்கலாமா என்று யோசித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முழங்கை வரை தடிக்கிற மட்டும் பொறுக்கினேன்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கசடுத் திடலுக்குப் போனேன். லாரிகள் நிற்பதற்காக அங்கே கான்கிரீட் போட்டுவிட்டிருந்தார்கள். காவலாளி, "இன்னா தேடறீங்கோ?" என்று கேட்டார். செடி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்க நர்சரி இல்லீங்கோ, பஸ் ஸ்டாண்டாண்ட கீது" என்றார்.

முதல்வரிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "வருத்தமா இருக்கு மேடம். ஆனா பார்த்தீனியம்தானே? வெளியில எவ்வளவு வேணும்னாலும் இருக்கே" என்றார். சென்னையில் இருந்த என் ஆய்வு வழிகாட்டி, இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்றார். கல்லூரி ஒரு வருஷம் கொடுக்கவில்லை. வேலையை விட்டும் அனுப்பவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்கள். இனி பட்டத்துக்கு வழியில்லை என்று, கல்வியாண்டு முடியும்வரைகூடக் காத்திராமல், பசுமை வளாக ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கி அதில் உட்கார வைத்தார்கள். புல்வெளிக்குத் தண்ணீர் போகிறதா, குரோட்டன்ஸ் வெட்டினார்களா, குப்பைத் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. என் வகுப்பறையில் காமர்ஸின் கூடுதல் பிரிவு ஒன்றை உட்கார வைத்தார்கள். கணவர் அதோடு கிண்டலை நிறுத்திக்கொண்டார். அவர் கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகவே பெய்தது. மழை ஓய்ந்து வெயில் வந்ததும், குப்பை அள்ளிவிட்டார்களா என்று பார்க்க மதிலுக்கு அந்தப்புறம் போனேன். என் வேலையாயிற்றே. குப்பை அள்ளியிருக்கவில்லை. அதன் மேல் பார்த்தீனியம் முளைத்து நின்றது.

இரண்டு மாதிரியாக நின்றது. பக்கத்துப் பக்கத்தில், ஒரே மண்ணில், ஒரே மழையில். ஒன்று அகல இலை விட்டு மேலே போய்க்கொண்டிருந்தது, பூ பற்றிய நினைப்பே இல்லை. அதை ஒட்டினாற்போல் சாண் உயரத்தில் இன்னொன்று, தலை நிறைய வெள்ளைப் பூ. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. நடுவாந்தரம் என்று ஒன்றுகூட இல்லை. சத்தான குப்பை மண், குளிர்ந்த ஈரம், யாரும் பட்டினி போடவில்லை. இருந்தும் குட்டைகள் அவசரப்பட்டுப் பூத்திருந்தன.

நான் நினைத்தது சரி. இத்தனை வருஷமும் நான் பைத்தியக்காரி இல்லை. அந்தக் குப்பை மேட்டில் நின்று சத்தமாகச் சிரித்தேன். உடனே வழிகாட்டிக்குப் போன் போட்டேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா எந்தச் செடி எங்கிருந்து வந்ததுன்னு எப்படிக் காட்டுவ? அங்க முன்னாடியே என்ன விதை கிடந்ததோ? எதை வச்சு எழுதறது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் மாணவி யாராவது இப்படி ஒரு குப்பை மேட்டைக் காட்டியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். பதில் கண் முன்னால் பச்சையாக நிற்கிறது, அதை எங்கேயும் எழுத முடியாது. தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஜெயித்ததை வெளியே சொல்ல முடியாமல் போனது இன்றுவரை நெஞ்சில் கரித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரமே தாளாளர் காரிலிருந்து அந்தப் பக்கம் பார்த்துவிட்டார். உடனே களை ஒழிப்பு நாள் அறிவிப்பானது. ஏற்பாடு செய்ய வேண்டியவர் பசுமை வளாக ஒருங்கிணைப்பாளர், அதாவது நான். கையுறை வாங்கினேன், சாக்கு வாங்கினேன், பேனர் அடிக்கக் கொடுத்தேன். குட்டைகள் பூத்து விதை உதிர்க்கத் தொடங்கிவிட்டன, இப்போது பிடுங்கினால் நெட்டைகள் மட்டும்தான் வாரிசில்லாமல் போகும், அடுத்த மழைக்கு இங்கே குட்டைகள்தான் முளைக்கும் என்று முதல்வரிடம் சொல்லிப் பார்த்தேன். "பேனர் வந்துடுச்சே மேடம்" என்றார்.

வெளியிலிருந்து வந்து நம் மண்ணைப் பிடித்துக்கொண்டதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று முதல்வர் பேசினார். சாக்கு தூக்க ஆலையிலிருந்து இரவல் வாங்கிய ஒடிசாக்காரத் தொழிலாளர்கள் பேச்சு புரியாமல் கை தட்டினார்கள். ஆயாம்மா எனக்குப் பக்கத்தில் வரவில்லை. கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

போட்டோவுக்காக முதல்வர் குனிந்து இரண்டு செடிகளைப் பிடுங்கினார். ஒன்று அவர் இடுப்பு உயரம், இன்னும் பூக்காதது. இன்னொன்று சாண் உயரம், பூத்துக் காய்ந்து விதை முற்றியது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் மேடம், இது ரெண்டும் வேற வேற செடியா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லூரியில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

"ஒரே செடிதான் சார்" என்றேன்.

"அதானே" என்று இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, உயரத் தூக்கி ஆட்டிச் சிரித்தார். ஆட்டிய வேகத்தில் குட்டைச் செடியின் விதைகள் அவருடைய ஷூவின் மேலும் என் செருப்பின் மேலும் கொட்டின.